வைரவருக்கு எத்தனை மாடி?

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் ஊர் வைரவர் கோயிலைப் புதிதாகக் கட்ட, போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் நீர் போனில் காட்டிய வரைபடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று மாடி, மாடிக்கு மாடி சாமி, உச்சியில் கலசம். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் "அக்கா, அதைப் பிறகு பார்ப்பம்" என்று முடித்திருப்பீர். கடிதமென்றால் ஆறுதலாக வாசிப்பீர்தானே.

மாடிக் கோயிலே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாசியில் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குச் சென்னை போன இடத்தில் இரண்டு மாடிக் கோயில்களைப் பார்த்தேன். ஒன்று பெசன்ட் நகர்க் கடற்கரையில் இருக்கும் அஷ்டலட்சுமி கோயில். 1976இல் கும்பாபிஷேகம் நடந்தது, அப்படியொன்றும் பழசில்லை. நாங்கள் போன நேரம் கடற்காற்றில் அம்மாவின் சேலைத் தலைப்பு நிற்கவே இல்லை. படியடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"எடி பிள்ளை, கீழ அம்மன் இருக்க மேல கால் வைக்கலாமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாதான், "ஏறுங்கம்மா, எல்லாரும் ஏறித்தான் கும்பிடுறோம்" என்றார். ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே அம்மா ஏறினார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றது பெரிய விஷயம்.

முதலில் மகாலட்சுமியும் திருமாலும் சேர்ந்து நிற்கும் சந்நிதி. அதற்கு மேலே சந்தான லட்சுமி, விஜய லட்சுமி, வித்யா லட்சுமி, கஜ லட்சுமி. எல்லாருக்கும் உச்சியில் தனலட்சுமி, தன்னந்தனியாக. "மூட்டு வருத்தக்காரருக்குக் காசு எட்டாது போல" என்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். இறங்கி வந்தால் கீழே ஆதி லட்சுமி, தைரிய லட்சுமி, தானிய லட்சுமி. தானிய லட்சுமிக்கு முன்னால்தான் அம்மா கனநேரம் நின்றார். அந்தப் போகம் எங்கள் வயல் மழையில் சாய்ந்து கிடந்தது உமக்குத் தெரியும். "இவ எங்கட ஆள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மற்றது காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்தது. கீழே பெருமாள் நிற்கிறார், நடுத்தளத்தில் அமர்ந்திருக்கிறார், மேலே பாம்பணையில் கிடக்கிறார். கீழும் நடுவும் நாலு திசைக்கு நாலு பேர், மேலே ஒருவர். ஆக ஒன்பது மூர்த்தி. ஏறி முடித்தபோதுதான் எனக்கு விளங்கியது, அங்கே பல சாமிகளை அடுக்கி வைக்கவில்லை. ஒரே சாமியின் நிலைகளைத்தான் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். மாடி இல்லாவிட்டால் அந்தக் கோயிலே இல்லை.

இனி உம்முடைய படத்துக்கு வருகிறேன். கீழே பிள்ளையார், நடுவில் முருகனும் அம்மனும், மேலே ஐயப்பனும் ஆஞ்சநேயரும். ஏன் இந்த வரிசை என்று கேட்டால் என்ன சொல்வீர்? எனக்குத் தெரிந்த வரை வரிசை காசு வந்த வரிசைதான். கனடாக்காரருக்கு ஒரு சந்நிதி, சுவிஸ்காரருக்கு ஒன்று. அவர்களில் பிழையில்லை, ஊர் நினைப்பில் அனுப்புகிறார்கள். ஆனால் நாங்கள் சூலமாகக் கும்பிடுகிற வைரவர் எங்கே? மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு "பழைய சூலம்" என்று எழுதியிருக்கிறீர். கோயிலே அவருடையது, தம்பி!

எங்கள் வன்னியில் சாமிக்கு எப்போது பஞ்சம் இருந்தது? குளக்கட்டில் ஐயனார். புதூரில் நாகதம்பிரான். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரியும் கண்ணகி. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் எந்தப் பெரிய பஸ்ஸையும் நிறுத்தித் தேங்காய் உடைக்க வைக்கிற முறிகண்டிப் பிள்ளையார் எத்தனை மாடியில் இருக்கிறார்? கச்சான் கடலைக் கடைகளுக்கு நடுவில் நிலத்தோடுதான் இருக்கிறார். குளத்துக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர், வழிக்கு ஒருவர் என்று அவரவர் வேலை பார்க்கிற இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் கூட்டிவந்து ஒரு கட்டடத்தில் ஏற்றிவிட்டால் குளக்கட்டில் யார் நிற்பது?

எங்கள் வைரவருக்கு அந்தப் பாலை மரம்தான் கோயில். போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறி வந்தபோது கொட்டில் இல்லை, மணி இல்லை. மரம் நின்றது. சூலத்தை உம்முடைய அப்பாதான் மண்ணுக்குள்ளிருந்து கிண்டி எடுத்தார், நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். போரில் மரத்தில் பட்ட ஷெல் குண்டுத் துண்டைச் சுற்றிப் பட்டை மூடி வளர்ந்திருக்கிறது, கை வைத்துப் பார்த்தால் ஒரு முண்டு தட்டுப்படும். உம்முடைய படத்தில் அந்த இடத்தில் படிக்கட்டு வருகிறது.

காசு வந்திருந்தால் கிணற்றை இறைத்துக் கட்டுங்கள். பொங்குகிற இடத்துக்குத் தகரம் போடுங்கள், மழைக்கு வளந்துப் பானை வைக்க முடியாமல் போன வருசம் பட்ட பாடு போதும். மடப்பள்ளி ஒன்றும் வேண்டும். இதற்கெல்லாம் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மா வடைமாலை போடுகிறார். ஆறு மணிக்கு வாரும், அந்தப் போனையும் கொண்டு வாரும். மரத்தடியில் நின்று படத்தை இன்னொருக்கால் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா