பீ ஜீஸ் டிஸ்கோ கோஷ்டி மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுபதுகளின் டிஸ்கோ இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பீ ஜீஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவின் சகோதரர்களுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அதிலும், ஒரு படத்தால் திடீர்ப் புகழ் பெற்று, டிஸ்கோ மோகம் வடிந்ததும் காணாமல் போனவர்கள் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். இதை என்னால் சும்மா விட முடியவில்லை. நாற்பது வருஷமாக அவர்களைக் கேட்டுவருகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லும் அந்தப் படம், இவர்கள் பாட்டுகளோடு ஓடிய 'சாட்டர்டே நைட் ஃபீவர்', வந்தது 1977 கடைசியில். பேரி கிப், ராபின் கிப், மோரிஸ் கிப் மூவரும் முதன்முதலில் மேடையேறியது அதற்குச் சரியாக 20 வருஷம் முன்பு, 1957 டிசம்பரில். மான்செஸ்டரில் அவர்கள் வீட்டுப் பக்கத்துத் தியேட்டரில், சனிக்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் சிறுவர்கள் மேடையில் நின்று இசைத்தட்டுக்கு வாயசைப்பார்கள். கிப் பையன்களும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் அது விழுந்து உடைந்துவிட்டது. வேறு வழியில்லை, சொந்தக் குரலிலேயே பாடினார்கள். இது அவர்களே பலமுறை சொன்ன கதை. அண்ணன் பேரிக்கு அப்போது வயது 11. இரட்டையரான ராபினுக்கும் மோரிஸுக்கும் 8.

அப்பா ஹியூ கிப் டிரம்ஸ் வாசிப்பவர், சொந்தமாக வாத்தியக் குழு நடத்தியவர். அதில் குடும்பம் ஓடவில்லை. 1958ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிரிஸ்பேனை ஒட்டிய ரெட்கிளிஃபில் வாகனப் பந்தய மைதானம் ஒன்று இருந்தது. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பையன்கள் மைக் பிடித்துப் பாடுவார்கள். ஜனங்கள் பந்தயப் பாதையில் காசு எறிவார்கள், இவர்கள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். பந்தயம் நடத்திய பில் குட், வானொலி அறிவிப்பாளர் பில் கேட்ஸ் (கணினிக்காரர் இல்லை, இவர் வேறு) இருவரின் கண்ணிலும் அங்கேதான் பட்டார்கள். அந்த இருவருக்கும் முதலெழுத்து பி.ஜி., பேரி கிப்புக்கும் அதேதான். பெயர் வந்தது அப்படி. 'பிரதர்ஸ் கிப்' என்ற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

1967ல் இங்கிலாந்து திரும்பினார்கள். அதே ஆண்டு 'மாசசூசெட்ஸ்' அங்கே முதலிடம் பிடித்தது. 'டு லவ் சம்படி' வந்ததும் அந்த வருஷம்தான். என் அண்ணன் கேசட் கடையில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வந்த 60 நிமிட கேசட்டில் இந்தக் காலத்துப் பாட்டுகள்தான் இருந்தன. டிஸ்கோ காலத்தில் பேர் வாங்கிய கீச்சுக்குரலும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. ராபின் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அழுகைக்கு ஒரு படி முன்னால் நின்று பாடுகிற பாட்டுகள். பீ ஜீஸ் டிஸ்கோவும் பாடுவார்கள் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது!

நம் ஊரில் அண்ணன் தம்பிகள் வரப்புக்காகப் பேச்சை நிறுத்துவார்கள். இவர்கள் நிறுத்தியது இசைத்தட்டின் பக்கத்துக்காக. 1969ல் பேரி பாடிய பாட்டு முதல் பக்கத்தில் போக, ராபின் பாடியது பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. ராபின் பிரிந்து போய்த் தனியாகப் பாடினார், அதிலும் ஜெயித்தார். 1970ல் மறுபடி சேர்ந்தபோது பேரியும் அவரும் உட்கார்ந்து எழுதிய பாட்டு, உடைந்த மனசை எப்படி ஒட்டவைப்பது என்று கேட்கிற பாட்டு. அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முதலிடம் அதுதான், 1971ல். வெளியில் கேட்பவருக்கு அது காதல் பாட்டு. எனக்கு எப்போதும் அண்ணன் தம்பிப் பாட்டாகத்தான் கேட்கிறது.

அப்புறம் சரிவு. 1975ல் மயாமிக்குப் போனார்கள். தங்கியிருந்த வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போகும் வழியில் கடல்மேல் ஒரு நீளமான பாலம். கார் அதன் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது தடக் தடக்கென்று ஒரே சீராகச் சத்தம் வரும். பேரியின் மனைவி முதலில் கவனித்துச் சொன்னாராம். அவர்களை டிஸ்கோ பக்கம் திருப்பிய 'ஜைவ் டாக்கிங்' பாட்டின் தாளம் அந்தப் பாலத்தின் சத்தம்தான். டிஸ்கோ மோகத்தைப் பார்த்துக் கடை போட்டவர்கள் என்ற தொனி கட்டுரையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

படத்துக்கான பாட்டுகளையும் அவர்கள் திரைக்கதையைப் பார்த்து எழுதவில்லை. பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் தங்களுடைய அடுத்த தொகுப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தபோது, பாட்டு வேண்டும் என்று அவர்கள் மேலாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் கேட்டார், கொடுத்தார்கள். 'ஸ்டேயிங் அலைவ்' பதிவின்போது டிரம்ஸ் வாசிப்பவர் வீட்டு அவசரமாக ஊருக்குப் போயிருந்தார். 'நைட் ஃபீவர்' பதிவிலிருந்து இரண்டே இரண்டு தாள ஆவர்த்தனத்தை வெட்டி, அந்த நாடாவின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டில் சுற்றி ஓடவிட்டார்கள். பாட்டு முழுக்கக் கேட்பது அந்த வளையம்தான்.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் முதலுதவி வகுப்பு நடந்தது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்ற பயிற்சியாளர், செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு, இந்த வேகத்தில் அழுத்துங்கள் என்றார். அதே 'ஸ்டேயிங் அலைவ்'தான், நிமிடத்துக்குச் சுமார் 103 தட்டு. எதிர்வீட்டுப் பாட்டியும் பொம்மையை அதே தாளத்தில் அழுத்தினார். ஆள் இல்லாமல் ஓடிய தாளம் ஆள் பிழைக்க உதவுகிறது.

காணாமல் போனார்கள் என்பதற்கு வருகிறேன். 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தது உண்மை. அமெரிக்க வானொலிகள் இவர்களை ஒதுக்கியதும் உண்மை. இவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்தவர் குரலுக்குள் புகுந்துகொண்டார்கள். பார்பரா ஸ்ட்ரைசாண்டின் 'வுமன் இன் லவ்', டியான் வார்விக்கின் 'ஹார்ட் பிரேக்கர்', கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' எல்லாம் கிப் சகோதரர்கள் எழுதியவை. ஒதுக்கிய அதே வானொலிகள் அவற்றை நாள் முழுக்க ஓட்டின. 1987ல் சொந்தக் குரலிலேயே 'யூ வின் அகெய்ன்' மூலம் பிரிட்டனில் மறுபடி முதலிடத்துக்கு வந்தார்கள்.

கடைக்குட்டி ஆண்டி இந்தக் குழுவில் இல்லை, தனியாகப் பாடியவர். அவருடைய முதல் மூன்று பாட்டும் அமெரிக்காவில் முதலிடம். 1988 மார்ச்சில், 30 வயது முடிந்த ஐந்தாம் நாள் இறந்துபோனார். மோரிஸ் 2003ல், ராபின் 2012ல். நான்கு பேரில் மூத்தவர் மட்டும் மிச்சம். ஒரு ஹிட்டும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, தம்பிகள் திரும்பி வந்தால் போதும் என்று பேரி ஓர் ஆவணப்படத்தில் சொல்வார். அந்த இடத்தில் நான் டி.வி.யை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணனுக்கு போன் போட்டுப் பேசினேன்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த படத்தில் பெயர்கள் மாறியிருக்கின்றன. இரட்டையர் என்றாலும் இவர்கள் ஒரே முகம் இல்லை. தொப்பி போட்டு நிற்பவர் மோரிஸ். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு ஓரத்தில் நிற்பவர்தான் ராபின். அடுத்த இதழில் திருத்தம் போடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி