பாகம் அறிந்த பிள்ளைகளின் ஆங்கிலம்: இராமநாதபுரம் கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் மூக்கையூர் வரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு பாம்பனில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருவதால், பகலில் நீங்கள் கற்பிப்பதெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளைகள் சுமந்து வரும் ‘வேர்டு மீனிங்’ நோட்டு. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று பக்கம் பக்கமாக எழுதி, வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு ஒப்பித்து, சனிக்கிழமை மறந்துவிடுகிறார்கள். தேர்வு முறையும் பாடச் சுமையும் உங்களை எந்த அளவுக்கு நெருக்குகின்றன என்பதை அறியாதவள் அல்லள் நான். ஆயினும் கேட்கிறேன்: ஆங்கிலத்தின் மிக அழகான சொற்களில் பல கடல் தொழிலிலிருந்து பிறந்தவையாக இருக்க, அந்தத் தொழிலைக் கண்ணால் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அவற்றை உயிரற்ற பட்டியலாகத் தருவது ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் ‘ஃபாதம்’ என்பதற்கு நேரே ‘ஆழமாக அறிதல்’ என்று எழுதியிருந்தது. பொருளில் பிழையில்லை. ஆனால் அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டால் அவளிடம் பதிலில்லை. உங்கள் அப்பா கடலின் ஆழத்தை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டதும் எழுந்து நின்றாள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே அகல விரித்து ஒரு பாகம் என்றாள். கயிற்றைக் கைமாற்றி மறுபடியும் விரித்து இரண்டு பாகம் என்றாள். “மெஷின் போட்டுக்குத்தான் டீச்சர் எக்கோ சவுண்டர், எங்க அப்பா வத்தைக்கு இன்னும் கயிறுதான்” என்று விளக்கமும் தந்தாள். அவள் கைகள் காட்டியதுதான் அந்த ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அது விரித்த இரு கைகளின் அளவைக் குறித்தது. அதோடு, அணைத்துக்கொள்ளுதல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. பின்னர் அது ஆறடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர், என்ற நீட்டலளவையாகி, மாலுமிகள் கடலாழத்தை அதனால் அளந்து, 17ஆம் நூற்றாண்டில் ஒரு செய்தியின் அடிவரை சென்று புரிந்துகொள்ளுதல் என்ற பொருளுக்கு வந்து நின்றது. அணைப்பதற்கு விரித்த கை கடலை அளந்து, கடைசியில் அறிவதற்கும் பெயராயிற்று என்பதைக் கேட்ட பிள்ளைக்கு நோட்டும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

‘அலூஃப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கைடுகளில் ‘ஒதுங்கிய’ என்றோ ‘ஒட்டாத’ என்றோ காண்கிறோம். அதைக் கேட்கும் பிள்ளை யாருடனும் பேசாத ஒரு கர்வியை நினைத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லின் பின்பாதி, காற்று வரும் பக்கத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு உறவுடையது. பாய்மரக் கப்பலில் சுக்கான் பிடிப்பவனுக்குத் தரப்பட்ட கட்டளை அது: கலத்தின் முன்பகுதியான அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வை, இல்லையேல் காற்று நம்மைக் கரையில் கொண்டுபோய் மோதிவிடும். வாடைக்காற்று ஓங்கி அடிக்கும் மார்கழி நாளில் வடகடலில் படகு வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒதுங்கியிருப்பது அங்கே செருக்கின் அடையாளமன்று. உயிர் தப்பும் வழி. வகுப்பில் கடைசி வரிசையில் யாரோடும் சேராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் இந்தச் சொல்லைச் சொல்லும்போது, அந்தப் பிள்ளை எந்தக் காற்றுக்கு அஞ்சி முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறது என்றும் நாம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

இன்று நம் ஊர்ச் சுவர்களில் மிகுதியாக ஒட்டப்படும் ஆங்கிலச் சொல் ‘ஆப்பர்ச்சூனிட்டி’யாகத்தான் இருக்கும், பயிற்சி மையம், வேலை முகாம், வெளிநாட்டு வேலை முகவர் என்று எவர் விளம்பரத்திலும் அது தவறுவதில்லை. அதற்கு அடியிலிருக்கும் இலத்தீன் சொல்லில் துறைமுகம் இருக்கிறது. துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றைத்தான் உரோமானியர்கள் அப்படிச் சொன்னார்கள். நம் முன்னோர் களத்துமேட்டில் நின்று ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றார்கள். அவர்கள் கப்பல் தளத்தில் நின்று அதையே நினைத்திருக்கிறார்கள். இந்தப் படம் மனத்தில் இருந்தால் வாய்ப்பு என்பது எவரோ கொடுத்து நாம் வாங்கும் பொருளாகத் தோன்றாது. காற்று வருவது நம் கையில் இல்லை. வரும்போது பாய் விரித்திருக்கிறதா என்பது மட்டுமே நம்முடையது. ‘அரைவ்’ என்னும் எளிய சொல்லுக்குள்ளும் கரை இருக்கிறது. இலத்தீனில் கரைக்கு வருதல் என்ற சேர்க்கையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது கடற்பயணம் முடிந்து தரை தொடுதலையே குறித்தது. மகளைக் கரையேற்றிவிட்டேன், தம்பியைக் கரை சேர்த்துவிட்டேன் என்று அன்றாடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும்.

இனி, நீங்கள் தரும் பொருளோடு நான் உண்மையிலேயே மாறுபடும் சொல்லுக்கு வருகிறேன். ‘செரண்டிபிட்டி’ என்பதற்குப் பெரும்பாலும் ‘எதிர்பாராத அதிர்ஷ்டம்’ என்று எழுதிப் போடுகிறார்கள். இது பாதிப் பொருள் மட்டுமே. அதிலும் சுவையில்லாத பாதி. இந்தச் சொல்லுக்குப் பிறந்த நாளே உண்டு. 1754ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியில் இருந்த தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய மடலில் இதைப் புதிதாக உருவாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையொன்றே அதற்கு அடிப்படை. செரண்டிப் என்பது இலங்கைக்கு அரபியரும் பாரசீகரும் வழங்கிய பழம்பெயர். தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் வரும் மண்ணின் பெயர், ஆங்கிலேயர் பலரும் தங்கள் மொழியில் மிகவும் விரும்பும் சொற்களுள் ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறியாமலே பள்ளிப்படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

அந்த இளவரசர்கள் தாங்கள் தேடிப் போகாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே சென்றார்கள் என்பதுதான் வால்போல் சொன்னது. அவர் தந்த சான்றும் அழகானது. அவர்களுள் ஒருவன், தங்களுக்கு முன்னே அதே வழியில் சென்ற விலங்குக்கு வலக்கண் தெரியாது என்று சொல்கிறான். வழியின் இடப்பக்கத்துப் புல் நன்றாக இல்லாதபோதும் அந்தப் பக்கத்தில் மட்டுமே அது மேயப்பட்டிருந்தது. வால்போல் அதைக் கோவேறு கழுதை என்று எழுதினார். மூலக்கதையில் அது ஒட்டகம். வணிகன் தொலைத்த ஒட்டகத்தைக் கண்ணால் காணாமலே அடையாளம் சொன்ன நால்வரின் கதை தமிழிலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உங்களில் சிலர் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். ஆகவே இந்தச் சொல்லின் உயிர் அதிர்ஷ்டத்தில் இல்லை, மேய்ந்த புல்லைப் பார்த்த கண்ணில் இருக்கிறது. நீரின் நிறமாற்றத்தையும் பறவைக் கூட்டத்தையும் பார்த்து மீன் திரளும் இடத்தைச் சொல்லும் மூத்த மீனவரைத் தினமும் பார்க்கும் பிள்ளையிடம், இதை வெறும் குருட்டு யோகம் என்று எழுதிக்கொடுப்பது அந்தப் பெரியவருக்கும் சேர்த்து இழைக்கும் அநீதி. எல்லை தாண்டியதாகச் சிறைப்பிடிப்பு, படகு பறிமுதல் என்ற செய்திகளோடு மட்டுமே அக்கரையின் பெயரைக் கேட்டு வளரும் இவர்களுக்கு, அந்தத் தீவைப் பற்றி நினைக்க இன்னொரு காரணம் கிடைப்பதும் நல்லதுதான்.

நம் கரையிலிருந்து சென்ற சொற்களையும் சொல்ல வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனது எல்லாருக்கும் தெரியும். அது அங்கே என்ன ஆனது என்பதைச் சொல்வோர் குறைவு. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயரையே எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனின் படைக் கலங்களைத் தகர்க்கப் பிரித்தானியக் கடற்படை மிதக்கவிட்ட வெடிகலங்களுக்கும் அதே பெயர் வைத்தார்கள். பின்னர் சண்டைக்காரப் பெண்ணையும் அந்தச் சொல்லால் ஏசினார்கள். நம் மரம் அவர்களுக்கு என்ன தீங்கு செய்ததோ தெரியவில்லை. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்க்கலம் பந்தயத்தில் மற்றவற்றை முந்திய பிறகு, அந்தச் சொல் இரட்டை உடல் கலங்களுக்கே உரியதாகத் தொடங்கிவிட்டது. இன்று பாடப் படத்தில் வரும் வெள்ளைக் கப்பலைப் பார்க்கும் பிள்ளை, மரங்களை இணைத்துக் கயிற்றால் கட்டுவதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதை ஊகிக்கவே முடியாது. சங்கு ‘சேங்க்’ ஆகி ஆங்கில அகராதியில் ஏறிய வரலாறும் நம்முடையதே. கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையல் ஆனது. சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். பருவம் என்னும் பொருளுடைய ‘மவுசிம்’ என்ற அரபுச் சொல் போர்ச்சுக்கீசியர் வழியாக ‘மான்சூன்’ ஆனதைக் கீழக்கரைப் பள்ளியில் சொல்லிப் பாருங்கள். ஓதும் பள்ளியில் அரபு படித்த பிள்ளை உங்களுக்கு முன்னால் கை தூக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் உடன் வைக்கிறேன். சொற்பிறப்பு என்றவுடன் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வகுப்பறைக்குள் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துக்களால் ஆனது என்பது கட்டுக்கதை. புதியவை என்பதன் பன்மையே அது. பகட்டான என்று பொருள்படும் ‘பாஷ்’ என்ற சொல் கப்பல் பயணச் சீட்டில் அச்சிட்ட நான்கு எழுத்துக்களிலிருந்து வந்தது என்பதற்கும் சான்றில்லை. ஒலி ஒத்திருந்தால் போதும், ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழே என்று முழங்கும் பட்டியல்களை நான் இன்னும் கடுமையாக விலக்குவேன். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் சான்றோடு அங்கே இருக்கும்போது, இல்லாத உறவைச் சொல்லிக் கொண்டாட நமக்கு என்ன தேவை? நல்ல அகராதி ஒன்றைத் திறந்து, அது ஐயம் என்று குறித்திருந்தால் பிள்ளைகளிடமும் ஐயம் என்றே சொல்லிவிடலாம்.

நான் கேட்பது பெரிய மாற்றமன்று. நோட்டைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு சொல்லை மட்டும் கோட்டுக்கு வெளியே எடுத்து, அதற்குள் இருக்கும் படத்தையும் அது வந்த வழியையும் சொல்லுங்கள். அதே வேலைக்கு நம் கரையில் வழங்கும் சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். ‘கீல்’ என்பதற்கு ஏரா என்றும், ‘பௌ’ என்பதற்கு அணியம் என்றும் அவர்களே சொல்வார்கள். அகராதியில் ‘கப்பலின் அடிக்கட்டை’, ‘கப்பலின் முன்பகுதி’ என்று நீட்டி எழுதியிருப்பதைவிட அவை துல்லியமானவை. கடலோரமல்லாத முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் சொல் இல்லாமற்போகாது. ஒரே ஓடையில் நீர் எடுப்பவர்களைக் குறித்த இலத்தீன் சொல்லே போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ ஆனது என்றால், கண்மாய் மடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பிள்ளை உடனே சிரித்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி திறக்கும் ஜூன் முதல் இரண்டு வாரங்களில் விசைப்படகுகள் இன்னும் கரையில்தான் நிற்கும். பலகை மாற்றுவதும் வர்ணம் அடிப்பதும் வலை பின்னுவதும் ஒருங்கே நடக்கும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, அந்த நாட்களில் ஒரு பாடவேளையை மட்டும் பிள்ளைகளோடு படகடியில் நடத்துங்கள். ஏராவில் கை வைத்துப் பார்க்கட்டும், கயிற்றைப் பாகம் போட்டு அளக்கட்டும், சுக்கான் பிடிப்பவரிடம் கேள்வி கேட்கட்டும். நான் அகராதி பார்த்துத் திரட்டிய சொற்குறிப்புகளைப் படியெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். பாம்பனில் எந்த மாலையும் வந்து பெற்றுக்கொள்ளலாம். உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் கடற்சொல் ஏதேனும் இருந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பாம்பனில் மாலை வகுப்பு நடத்தும் முன்னாள் ஆங்கில ஆசிரியை