அம்மிணிக்கு: பாடறவங்க கட்டைக்கு ட்ரான்ஸ்போஸ் வெக்கிறது

அன்புள்ள அம்மிணிக்கு,

பாரியூர் குண்டம் முடிஞ்சதும் நம்ம ஊட்டுல நடக்கிற பஜனைக்கு நீதான் பியானோன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. உனக்குக் கைக்கு வந்ததெல்லாம் சி ஸ்கேல். பெரியப்பாவுக்கு ஒன்றரைக் கட்டை, சின்னம்மாவுக்கு 5, அத்தைக்கு ஐந்தரை. அதனால ட்ரான்ஸ்போஸை, அதாவது விரல் சி-யிலயே வாசிக்க, டிஜிட்டல் பியானோ வேற ஸ்ருதியில ஒலிக்கிற வசதியை, இப்பவே சரியாப் பழகிக்கோணும் கண்ணு.

கட்டைன்னா பாடறவங்க ஸ்ருதிக்கான எண்: சி 1 கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி 2, டி ஷார்ப் இரண்டரை, ஈ 3, எஃப் 4, எஃப் ஷார்ப் நாலரை, ஜி 5, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ 6. ஈக்கும் எஃப்க்கும் நடுவுல கருப்புக் கட்டை (பியானோவுல விரல் தட்டுற கட்டை) கிடையாது, அதனால மூன்றரைன்னு ஒண்ணு இல்ல. ட்ரான்ஸ்போஸ்ல ஒரு எண் கூட்டினா அரை ஸ்வரம் ஏறும். பாடறவங்க ஸ்ருதி, நீ வாசிக்கிற ஸ்கேல்ல இருந்து எத்தனை அரை ஸ்வரம் தள்ளி இருக்குன்னு எண்ணினாப் போதும். சி-யில வாசிச்சா பெரியப்பாவுக்கு +1.

சின்னம்மாவுக்குத்தான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. சி-யில இருந்து ஜி மேல போனா +7, கீழ போனா -5. ரெண்டும் ஜி-தான், ஆனா பொம்பளைங்க 5 கட்டையில பாடற சட்ஜமம் (ஸ), கருவிக்கு நடுவுல இருக்கிற நடு சி-க்குக் கீழ இருக்கிற ஜி. +7 வெச்சா நடு சி ஒரு ஸ்தாயி மேல போய்க் கேக்கும், அவங்க சட்ஜமத்தோட ஒட்டாது. -5 வெய்யி. அத்தைக்கு -4. ஜி ஷார்ப்ல நேரா சங்கராபரணம் (மேஜர் ஸ்கேல்) வாசிச்சா 4 கருப்புக் கட்டை வரும். -4 வெச்சா அத்தனையும் வெள்ளைக் கட்டைதான். கீழ இறக்கினப்ப இடது கை கார்டு கொழகொழன்னு ஆகும். அப்ப இடது கையை ஒரு ஸ்தாயி மேல தூக்கி வாசி, இல்லைன்னா ஒத்தை ஸ்வரம் மட்டும் புடி.

திரையில்லாத பியானோவுல பெரும்பாலும் ஃபங்ஷன் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஒரு கட்டையைத் தட்டோணும். எந்தக் கட்டைன்னு கருவிக்குக் கருவி மாறும், கையேட்டுல பாத்துக் குறிச்சு வெச்சுக்க. அணைச்சுப் போட்டா சிலதுல 0-க்குத் திரும்பிடும், சிலது ஞாபகம் வெச்சுக்கும். அதனால பாட்டுக்கு முன்னால ஒருக்கா நடு சி-யைத் தட்டி, போன்ல ட்யூனர் (ஸ்வரத்தோட பேரைக் காட்டுற ஆப்) என்ன காட்டுதுன்னு பாரு. -5-ல ஜி காட்டோணும்.

பெடல் அமுங்கியிருக்கையில எண்ணை மாத்தாத. பல கருவியில ஒலிச்சிட்டிருக்கிற ஸ்வரம் பழைய ஸ்ருதியிலயே நிக்கும், புதுசாத் தட்டினது வேற ஸ்ருதியில வரும், ரெண்டும் மோதும். பெடலை விட்டு, சத்தம் அடங்கினப்பறம் மாத்து.

போன்ல ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுப் பியானோ ஸ்பீக்கர் வழியா விட்டீன்னா அதை ட்ரான்ஸ்போஸ் தொடாது. அதைத் தனியா 5 கட்டைக்கு வெக்கோணும். கேபிள் போட்டு போன் ஆப்புல வாசிச்சா, கருவியிலயும் ஆப்புலயும் ரெண்டு பக்கமும் எண் வெச்சுட்டா ஸ்ருதி ரெண்டு மடங்கா மாறிடும். ஒரு பக்கம் 0-ஆ இருக்கட்டும்.

சின்னம்மாவுக்கு வாசிக்கறப்ப கிடார்க்காரர் ஸ்கேல் என்னன்னு கேட்டா ஜி-ன்னு சொல்லு. உன்ற விரலைப் பாத்து சி-ன்னு நெனச்சார்னா அங்கயே தப்பும்.

எண் சரியா இருந்தும் ஹார்மோனியத்தோட சேராம ஊங்... ஊங்...னு அலையடிச்சா அது ட்ரான்ஸ்போஸ் வேலை இல்ல. ஹார்மோனியத்தோட ஏ, பியானோவுல இருக்கிற மாதிரி 440 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 440 அதிர்வு) இல்லைன்னு அர்த்தம். ஏ-யில நொடிக்கு 3 அலை கேட்டா 3 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கு, 443 இல்லைன்னா 437. ட்யூனிங்னு தனியா இருக்கிறதுல ரெண்டையும் வெச்சுப் பாரு. எதுல அலை நிக்குதோ அதுல விட்டுடு. ஹார்மோனியத்தை அன்னைக்கே திருத்த முடியாது, பியானோதான் விட்டுக்கொடுக்கோணும்.

ட்ரான்ஸ்போஸ் வெக்கிறது திருட்டு வேலைன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காத. தொண்டை நோகாமப் பாடறதுக்குத்தான் அது இருக்கு. ஆனா ஒன்றரையும் ரெண்டும் மட்டும் எண் வெக்காம நேரா வாசிக்கப் பழகு. திடீர்னு கருவி மாறினாலும் கை தடுமாறாது.

வர்றப்ப பெடலையும் அடாப்டரையும் மறக்காம எடுத்துட்டு வா சாமி.

அன்புடன்,
அப்பா