பாலையா இல்லாமல் நாகேஷ் யாருக்குக் கதை சொல்வார்?

அன்பு மகன்,

நாங்கள் எல்லாரும் சுகம். பெரியம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டது. வளவு விஷயத்தை மாமா பார்த்துக்கொள்வார், நீ அதைப் போட்டு மண்டையைக் குழப்ப வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது கிடைத்த செய்தியை உனக்குத்தான் முதலில் அனுப்பினேன். நம்ம பட்டாபிக்கு! டிவியில் ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’ நாடகம் போகிற நேரம் கரண்ட் நின்றால், நீ எழும்பி நின்று பட்டாபி மாதிரியே பேசி மிச்சக் கதையை முடித்துவைப்பாய். பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பட்டாபி மாதிரிப் பேசின அந்தப் பிள்ளையிடமிருந்து இந்த முறை ஒரு பெருவிரல் படம் மட்டும் வந்தது. மறுகா வடிவேலுவின் நேசமணி வீடியோ ஒன்று அனுப்பினேன். அதற்கும் பெருவிரல். அண்ணனுக்கு வேலை கூட என்று தங்கச்சி சொல்கிறாள். இருக்கலாம்.

ஆனால் 2019ஐ நினைத்துப் பார். ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு ஊரே வாயடைத்துக் கிடந்தது. வீட்டில் டிவி போடக்கூட மனம் வரவில்லை. மே மாதக் கடைசியில், நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகமே எழுதிக்கொண்டிருக்கிறது என்று போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாய். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த ஆளுக்கு 18 வருடம் கழித்துப் பிரார்த்தனையா என்று கேட்டுச் சிரித்தேன். அந்த ஏப்ரலுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதை நீதான் செய்தாய். எனக்கு எப்போதும் அந்தப் பெருமை உண்டு.

சரி, இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நீ மறுத்துப் பேச வேண்டும். சிரிப்பு நடிகர் என்றால் எல்லாரும் பேசுகிறவரைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா பேய்க்கதை சொல்கிற இடத்தை எடுத்துக்கொள். கையில் காசு இல்லை, ஓஹோ புரொடக்சன்ஸ் என்று பெயர் மட்டும் இருக்கிறது. படத்துக்கு வேண்டிய சத்தமெல்லாம் நாகேஷின் வாயாலேயே வருகிறது. பெரிய திறமைதான், யார் இல்லை என்றது? அடுத்த முறை அந்தக் காட்சி வந்தால் நீ நாகேஷைப் பார்க்காதே. பாலையாவை மட்டும் பார். கண் எப்படி விரிகிறது, உடம்பு எப்படி ஒடுங்குகிறது, பயத்தில் முகம் எப்படிக் கோணிப்போகிறது என்று பார். மகன் சொல்கிற இல்லாத கதையை அந்தத் தகப்பன் அவ்வளவு நம்பிக் கேட்கிறார். 1964இல் வந்த படம், இன்றைக்கும் சிரிக்கிறோம் என்றால் அதில் பாதி பாலையா கேட்டதால் வந்த சிரிப்பு. அவர் நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போயிருந்தால் நாகேஷ் யாருக்குக் கதை சொல்வார்?

‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழமும் அப்படித்தான். கவுண்டமணி எவ்வளவு கத்தினாலும் செந்தில் அசையாமல் நிற்பதால்தான் அது நடக்கிறது. அந்தப் படத்தை நாங்கள் படுவான்கரையில் ஒரு கல்யாண வீட்டில், டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்தோம். பெட்ரோல் முடிகிற வரைக்கும் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் அப்பா. உன் அப்பாவுக்குப் பகிடி சொல்லத் தெரியாது, ஆனால் அவரைப் போலக் கேட்டுச் சிரிக்க ஊரில் ஆள் இல்லை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ போன காலத்திலும் அப்படித்தானாம். மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஆளுக்கொரு தமிழில் வாய்ச்சண்டை பிடிக்க, இவர் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

அப்பாவின் திவசத்தன்று எடுத்தாய், சந்தோசம். வேறு நம்பரிலிருந்து எடுத்திருந்தாய். பின்னால் தெரிந்த சுவரும் வேறு. முன்பு நீலச் சுவர், மூலையில் உன் கட்டில், அதற்கு மேல் கலண்டர். இப்போது ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவர். படையல் நேரம் என்பதால் நான் ஒன்றும் கேட்கவில்லை. காசு வழக்கம்போல வந்தது. உனக்குச் செலவு இருந்தால் அடுத்த மாதம் அனுப்பாதே, எங்களுக்கு இருப்பது போதும். சாப்பாட்டைக் குறைத்துக் காசு அனுப்புகிற பழக்கம் நம்ம குடும்பத்தில் யாருக்கு இருந்தது, அது எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு ‘வின்னர்’ கைப்புள்ளயை மிஞ்சி ஆள் இல்லை என்று தெரியும். எனக்கும் வடிவேலுவைப் பிடிக்கும். ஆனால் கைப்புள்ளயில் ஒரு குறை எனக்குப் படுகிறது. வெளியில் நன்றாக அடி வாங்கிவிட்டு, சங்கத்துப் பொடியன்களுக்கு முன்னால் ஒன்றும் நடக்காத மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். பொடியன்கள் முன்னால் நிற்கலாம். அந்த ஆளுக்கு வீட்டில் ஒரு தாய் இருந்தால் அவளிடம் அப்படி நிற்க ஒண்ணாது. நடந்து வருகிற நடையிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அதைவிட ‘திருவிளையாடல்’ தருமி மேல். பாட்டெழுதத் தெரியாது, ஆயிரம் பொற்காசு வேண்டும், கோயிலுக்குள் நின்று வெட்கம் பார்க்காமல் வாய்விட்டுப் புலம்புகிறார். புலம்பியதால்தானே சிவாஜி எதிரில் வந்து நின்றார்? மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் சிவபெருமானுக்கே என்ன தெரியும்? நாகேஷ் நடித்ததில் எனக்கு இதுதான் முதலாவது, ‘எதிர்நீச்சல்’கூட இரண்டாவதுதான். நீ இல்லை என்றால் இல்லை என்று எழுது. பெருவிரல் வேண்டாம், மகன். சண்டை பிடி.

கொம்பனி என்ன சொன்னாலும், ஊருக்கு வருகிறவனை இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் கேட்க விடமாட்டேன். இதைப் பொதுவாகச் சொல்கிறேன். அம்மன் சடங்குக்கு வர ஏலாது என்று நீ சொன்னது எனக்குக் கோபம்தான், அதையும் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. பின்னேரம் எடு, எந்த நம்பரிலிருந்து என்றாலும் பரவாயில்லை. தங்கச்சி டியூசனுக்குப் போயிருப்பாள், நான் தனியாகத்தான் இருப்பேன். மாமாவின் சிநேகிதர் ஒருவர் அடுத்த கிழமை கட்டாருக்கு வருகிறார். கருவாடும் முறுக்கும் கட்டிவைத்திருக்கிறேன். முந்தித் தந்த விலாசம்தான் இப்போதும் சரியா என்று எழுது, இல்லாவிட்டால் புதியதை அனுப்பு.

அன்புடன்,
அம்மா