கேமரா தூங்கினால் பேரன் ஓடிவிடுவான்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பையனுக்குக் கை எங்கே?" என்றாள். கை இருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருந்ததால் புகை மாதிரி ஆகிவிட்டது. மீதிப் படங்களில் அவன் முதுகுதான். கேட்டால், கேமரா விழிப்பதற்குள் ஓடிவிட்டான் என்கிறாய்.

தானாக அணையும் நேரத்தை 15 விநாடியில் வைத்திருக்கிறாயாமே. அப்பன் புத்தி அப்படியே! நீ தொடக்கநிலை நான்கில் இருந்தபோது, இங்கே சிங்கப்பூரில், தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் வாசலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? டேங்க் ரோடு முருகன் கோயில்வரை பேட்டரி தாங்க வேண்டுமே என்று நானும் இப்படித்தான் வைத்திருந்தேன். உன் பெரியப்பா காவடியோடு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். பொத்தானை அழுத்துகிறேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. அது விழித்து, லென்ஸ் வெளியே நீண்டு முடிப்பதற்குள் எனக்குக் கிடைத்தது மயிற்பீலியின் பின்பக்கம். கோயில் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். பெரியப்பா இன்றைக்கும் விடமாட்டார்.

அதனால் அதை 3 நிமிடமாக்கு. அவன் ஏதாவது செய்வான் என்று காத்திருக்கும்போது ஷட்டர் பொத்தானை அவ்வப்போது பாதி மட்டும் அழுத்து, தூங்காது. உன்னுடையது மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. பார்க்கிற நேரமெல்லாம் சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி தின்னத்தான் செய்யும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வைஃபை, புளூடூத்தை அணை, திரை வெளிச்சத்தைக் குறை. டொராண்டோ குளிர் வேறு. மாற்றுப் பேட்டரியைக் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வை. குளிரில் 'தீர்ந்துவிட்டது' என்று காட்டுகிற பேட்டரியும் சூடானால் இன்னும் சில படம் கொடுக்கும்.

அப்புறம் அந்தக் கை. படத்தின் விவரத்தைப் பார்த்தேன்: ஷட்டர் 1/15 நொடி, ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 400. புள்ளி விழக்கூடாது என்று ஐஎஸ்ஓவை ஏறவிடாமல் பிடித்து வைத்தால், வெளிச்சத்துக்குக் கேமரா எங்கே போகும்? ஷட்டரை மெதுவாக்கித்தான் ஈடுகட்டும். மூன்று வயதுப் பையன் 1/15 நொடிக்கு ஆடாமல் இருப்பானா? ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், அதில் 1/125 வை. ஐஎஸ்ஓ 3200க்கு ஏறினாலும் ஏறட்டும். கொஞ்சம் புள்ளி விழுந்தால் முகம் தெரியும். ஆடிப்போனால் ஒன்றும் தெரியாது. பனியில் ஓடும்போது 1/500. வெளியே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. தேக்கா தீபாவளி விளக்குகளை எடுக்க 1/100 வை என்று சொல்லிக் கொடுத்தேனே, அது இங்கே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால். விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், 120 முறை. அந்த விளக்கடியில் 1/100 வைத்தால் சில சமயம் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/125 அல்லது 1/60 சரியாக வரும்.

அடுத்த மாதம் சின்ன மாமா வருகிறார், இரண்டு பேட்டரி கொடுத்தனுப்புகிறேன். கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். அம்மா அதே கைப்பையில் முறுக்கு டப்பாவுக்கும் இடம் பிடித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா