நல்ல துப்பாக்கி ஏன் அலமாரியிலேயே தங்குகிறது: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஃபோர்ட் வொர்த், டெக்சாஸ்
17.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா என்று அம்மாவை அடுத்த முறை போனில் சொல்லச் சொல்லுங்கள். வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் அரைக்கைச் சட்டை என்று போகிறது. இந்த மாதக் கடைசி வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.

தீபாவளி அன்று பேசினபோது ஒன்று கேட்டீர்கள். "உன் கடையில அதிகமா விக்கிறதுதான் இருக்கிறதிலேயே நல்ல சரக்கா?" நான் "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக நின்றவருக்கு அவ்வளவு அசட்டையாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. "அளவு சரியா இருந்தா ஆள் தானா வருவான்" என்று சொல்லிச் சொல்லித்தானே எங்களை வளர்த்தீர்கள். அந்த வார்த்தை இந்தக் கடையில் தினமும் எனக்கு நினைவு வருகிறது. சில நாள் அது பொய்த்துப் போவதையும் பார்க்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: இங்கே யார் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. வாங்க வருகிறவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். வழக்கமாக எஃப்.பி.ஐ.யிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால்தான் கொடுப்போம். எனக்குப் பெரும்பாலும் பின்கட்டில் பட்டறை வேலைதான். துடைப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, குறி பார்க்கும் முள்ளைச் சரியாக உட்கார வைப்பது. சனிக்கிழமை மட்டும் முன்னால் கவுண்டரில் நிற்கிறேன்.

போன மாதம் ஒரு வயதான அம்மா வந்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அவருடைய பிஸ்டலை விற்க வேண்டும் என்றார். பழைய ஃபிளானல் துணியில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஹெக்லர் அண்ட் கோஹ் பி7எம்8. அப்பா, நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்த பி7 வகையே 1970களில் மேற்கு ஜெர்மனி போலீஸுக்காகச் செய்தது. பிடியின் முன்பக்கம் முழுக்க ஒரு நெம்புகோல். கையில் எடுத்து விரல்களை இறுக்கினால், ஏறக்குறைய 7 கிலோ அழுத்தத்தில், உள்ளே ஊசி பின்னால் இழுபட்டுத் தயாராகும். அதன் பிறகு பிடித்துக்கொள்ள ஒரு கிலோ கூடத் தேவையில்லை. கையைத் தளர்த்தினால் மறுபடி சாதுவாகிவிடும். தனியாக ஒரு சேஃப்டி பொத்தான் கிடையாது. குழல் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். குழலில் சின்னதாக ஒரு துளை. வெடிக்கும்போது வரும் வாயு அந்தத் துளை வழியாகக் கீழே ஒரு சிலிண்டருக்குப் போய், பின்னால் ஓடப் பார்க்கும் மேல் பாகமான ஸ்லைடைப் பிஸ்டனால் ஒரு நொடித்துண்டு நேரம் தாங்கிப் பிடிக்கும். எல்லாம் எஃகு, எல்லாம் கடைசல். ஸ்லைடை இழுத்து விட்டுப் பார்த்தேன். தண்டவாளத்தில் எண்ணெய் ஓடுவதுபோல இருந்தது. அரம் படாத ஓர் ஓரம்கூட இல்லை. நாற்பது வருஷம் ஆகியும் ஆட்டம் இல்லை.

நியூ ஜெர்சி மாநிலப் போலீஸ் 1980களில் இதை எடுத்தது. அதற்கு மேல் இந்த நாட்டில் பெரிதாகப் பரவவில்லை. காரணம் கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள். இவ்வளவு கடைசலுக்கு ஆகும் செலவு விலையில் ஏறியது. இரண்டு மூன்று மேகசின் (குண்டு அடுக்கும் பெட்டி) தொடர்ந்து சுட்டால் அந்த வாயுவின் சூடு விசைக்கு மேலே வந்து விரலைச் சுடும். அதற்காக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார்கள், முழுக்கத் தீரவில்லை. எட்டு குண்டுதான் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வேறு பிஸ்டலில் பழகிய கைக்கு அந்த நெம்புகோல் அந்நியம். ஆயிரம் போலீஸ்காரர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தச் செலவு துப்பாக்கியின் விலைச்சீட்டில் வராது, ஆனால் அதிகாரி கணக்குப் பார்க்கும்போது வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரே க்ளாக் பிஸ்டல். அதைச் செய்த காஸ்டன் க்ளாக் 2023 டிசம்பரில் 94 வயதில் காலமானார். அந்தப் பிஸ்டலுக்கு முன் அவர் துப்பாக்கியே செய்ததில்லை. வியன்னா பக்கத்தில் திரைச்சீலைக் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி, மண்வெட்டி என்று செய்துகொண்டிருந்தவர். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய பிஸ்டலை எடுத்தது. அந்தப் போட்டியில் தோற்ற கம்பெனிகளில் ஸ்டைரும் ஒன்று, 1864இலிருந்து துப்பாக்கி செய்கிற கம்பெனி. அவர்களுடைய ஜி.பி. பிஸ்டல் 18 குண்டு பிடிக்கும், நல்ல பிஸ்டல். இன்றைக்கு அதை யாரிடம் கேட்டாலும் முழிக்கிறார்கள்.

க்ளாக் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிளாஸ்டிக் சட்டம், பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் மொத்தமே 35 உதிரி சொச்சம். பின்னைத் தட்டித் தள்ளும் பஞ்ச் ஒன்றே ஒன்று கையில் இருந்தால் முழுவதையும் கழற்றி மாட்டலாம். ஒரு க்ளாக்கில் உடைந்த பாகத்துக்கு அதே மாடலின் வேறொரு பாகத்தை எடுத்துப் போட்டால் அராவ வேண்டியதே இல்லை, உட்கார்ந்துவிடும். நீங்கள் பாராட்டுவீர்கள். முதல் பிளாஸ்டிக் சட்டப் பிஸ்டல் அதுவும் இல்லை. ஹெக்லர் அண்ட் கோஹ்ஹே 1970இல் வி.பி.70 என்று ஒன்று விட்டார்கள். விசை அவ்வளவு கனம், ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

அப்புறம் காலம் கைகொடுத்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் செத்துப்போனார்கள். அங்கே பலர் கையில் இருந்தது ஆறு குண்டு ரிவால்வர். அதற்குப் பின் நாடு முழுக்கப் போலீஸ் ரிவால்வரை மாற்ற ஆரம்பித்தது. க்ளாக் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பித்தளையைப் போட்டு அம்மா எவர்சில்வர் எடுப்பார்களே, அதேதான். உங்கள் பழைய ரிவால்வர்களைக் கொடுங்கள், புதுசைக் குறைந்த விலைக்கு, சில இடத்தில் சும்மாவே தருகிறோம் என்றார்கள். ஏராளமான போலீஸ்காரர்களின் இடுப்பில் அது ஏறியது. இடுப்பில் பார்த்ததை ஜனங்கள் கடையில் வந்து கேட்டார்கள். ஜனங்கள் கேட்டதால் உறை தைக்கிறவர்கள் முதலில் அதற்கு உறை தைத்தார்கள், மேகசின் செய்கிறவர்கள் முதலில் அதற்குச் செய்தார்கள். இப்போது புதிதாக ஒருவர் வந்து நின்றால், கடைச் சுவர் முழுக்க க்ளாக்குக்கான சாமான்.

போன சனிக்கிழமை இதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு நர்ஸ் வந்தார். ஜெர்மன் கம்பெனி வால்தரின் பி.டி.பி. பிஸ்டல் ஒன்றை எடுத்துக் காட்டினேன். காலியாக இருக்கிறதா என்று நான் பார்த்து, அவரையும் பார்க்கச் சொல்லி, விசையை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் மெத்தென்று வரும், ஒரு சுவரில் முட்டினதுபோல நிற்கும், அப்புறம் கண்ணாடிக் குச்சி ஒடிகிறமாதிரி சுத்தமாக விடும். அடுத்து க்ளாக் 19ஐ இழுத்தார். "இது கொஞ்சம் சொரசொரப்பு" என்றார். அவராகவே சொன்னார், நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சுவரைப் பார்த்தார். வால்தருக்கு எத்தனை உறை இருக்கிறது என்று கேட்டார். மூன்று. க்ளாக்குக்கு எண்ணவே முடியாது. கூடுதல் மேகசின் என்ன விலை என்று கேட்டார். க்ளாக்குக்கு 30 டாலருக்குள், இதற்கு அதைவிட நன்றாகவே அதிகம். "என் அண்ணனிடமும் க்ளாக்தான் இருக்கிறது" என்று சொல்லி அதையே எடுத்துப் போனார். அவர் செய்தது தவறில்லை. நான் வால்தரைத் துடைத்து மறுபடி கண்ணாடிக்குள் வைத்தேன்.

வால்தர் கதை எனக்கு மனதில் தைக்கிற கதை. 1999இலிருந்து 2012 வரை இந்த நாட்டில் அவர்களுடைய பிஸ்டலை இறக்கி விற்றது அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். அந்தக் கம்பெனியே 2005இல் எம் அண்ட் பி என்று அதே தரத்தில் சொந்தமாக ஒன்று விட்டது. ஒரே கடைக்காரர் தன் வீட்டுச் சரக்கையும் பக்கத்து வீட்டுச் சரக்கையும் விற்றால் எதை முன்வரிசையில் வைப்பார்? அந்த வருஷங்களில்தான் இங்கே சந்தை கெட்டிப்பட்டது. 2012இல் வால்தர் அர்கன்சாஸில் சொந்தக் கம்பெனி திறந்தபோது இடம் எல்லாம் நிரம்பிவிட்டது. தவறு அவர்கள் பக்கமும் உண்டு. மேகசினைக் கழற்றும் நெம்புகோலை ஜெர்மன் வழக்கப்படி விசைக்காப்பில் வைத்தார்கள். அமெரிக்கக் கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. பிறகு பொத்தான் வைத்து பி.பி.க்யூ. எம்2 என்று விட்டார்கள். முதலில் நம்பி வாங்கியவர்களின் மேகசின் அதில் சேராது. நம்பி வந்தவனை அப்படி விடக்கூடாது அப்பா, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் யெஸ்டி நினைவிருக்கிறதா? மைசூர் ஐடியல் ஜாவா 1996இல் மூடின பிறகு, ஒரு கிளட்ச் கேபிளுக்குத் திருச்சி முழுக்க அலைந்து, கடைசியில் மதுரையிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தார். எதிர்வீட்டு டி.வி.எஸ். ஃபிப்டிக்குப் பஞ்சர் கடையிலேயே சாமான் கிடைத்தது. என்ஜினில் ஒரு குறையும் இல்லாத வண்டியைக் கண் கலங்கி விற்றீர்கள். யெஸ்டியின் மூதாதை ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தது. அதைத் தொடங்கிய யானெச்செக் முதலில் ஆயுதம் செய்தவர்தான். அதே நாட்டுப் பிஸ்டல் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது, சி.இசட். 75. கோட்ஸ்கி சகோதரர்கள் 1975இல் வடிவமைத்தது. பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு சட்டத்துக்கு வெளியே கவ்வி ஓடும். இதில் சட்டத்துக்கு உள்ளே இறங்கி ஓடும். அதனால் தாழ்வாக, இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்தால் நமக்கு அளவெடுத்துச் செய்தது போலத் தோன்றும். ஆனால் கம்யூனிஸ்ட் நாட்டுச் சரக்கு. அமெரிக்காவில் வரி தாங்க முடியாது, இறக்க ஆள் இல்லை. காப்புரிமையை அந்த அரசு நாட்டுக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொண்டதால் வெளியே யாரும் நகல் எடுக்கலாம் என்றாயிற்று. இத்தாலியில் டான்ஃபோக்லியோ எடுத்தார்கள், இஸ்ரேல், சுவிட்சர்லாந்து, துருக்கி என்று போயிற்று. அசல் வந்து சேர்ந்தபோது இங்கே பலருக்கு நகல்தான் தெரிந்திருந்தது. இப்போது போட்டிக்குச் சுடுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். 2021இல் அந்தச் செக் கம்பெனி, கோல்ட் என்ற பெயர்பெற்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியையே வாங்கிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு ஏதோ நம் வீட்டு யெஸ்டி திரும்பி வந்ததுபோல இருந்தது.

டெண்டர் விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். 1984இல் அமெரிக்க ராணுவம் புதுப் பிஸ்டலுக்குப் பரீட்சை வைத்தது. எட்டு வகையில் தேறினவை பெரெட்டாவும் சிக் பி226உம் மட்டும். துப்பாக்கிக்கு மட்டும் சிக் 176 டாலர் சொச்சம், பெரெட்டா 178 டாலர் சொச்சம். சிக்தானே எல்-1, அதாவது குறைந்த விலை? இல்லை. மேகசின், உதிரி எல்லாம் சேர்த்த மொத்த விலையில் பெரெட்டா கீழே வந்துவிட்டது. 1985இலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் ராணுவத்தின் இடுப்பில் பெரெட்டாதான் இருந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: அதிகம் விற்பது நல்ல சரக்குதான், ஆனால் அதைவிட நல்லது பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். அளவு சரியாக இருந்தால் ஆள் வந்து எடுத்துப் பார்க்கிறார். வாங்குவதற்கு உறை வேண்டும், மேகசின் வேண்டும், பக்கத்து ஊரில் பழுது பார்க்க ஒருவர் வேண்டும், அண்ணனிடமும் அது இருக்க வேண்டும்.

அந்த பி7ஐச் சுத்தம் செய்தது நான்தான். பிஸ்டன் சிலிண்டருக்குள் கரி கெட்டியாகப் படிந்திருந்தது. அதற்கென்று தனியாக ஒரு பிரஷ் உண்டு, அதுவும் அந்த ஃபிளானலுக்குள்ளேயே இருந்தது. அந்தப் பெரியவர் ஒழுங்காகப் பராமரித்திருக்கிறார். இப்போது அதைச் செய்வதில்லை என்பதால் விலை ஏறிவிட்டது. மூன்றே நாளில் சேகரிப்பவர் ஒருவர் வாங்கிப் போனார். சுடப்போவதில்லை, பெட்டகத்தில் வைக்கப்போகிறாராம். அந்த அம்மாவுக்கு நல்ல தொகை கிடைத்தது, எனக்கு அதில் நிம்மதி.

உங்கள் மேஜை இழுப்பறையில் மெல்லிய ஊசி அரம் ஒரு செட் இருக்கும், மரப்பிடி போட்டது. இங்கே கிடைப்பது எனக்குக் கைக்கு வரவில்லை. தம்பி ஜனவரியில் வரும்போது பெட்டியில் போடச் சொல்லுங்கள். கைப்பையில் வேண்டாம், ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். நாலாம் நம்பர் அரத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குப் பழகினது.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள்
பெரியவன்