மச்சானுக்கு: அந்த 20 பைட் ஃபைலும் எங்கட பழைய ஸ்கிரிப்டும்

அன்பான மச்சான்,

சுகமா இருக்கிறியோ? சின்னவளுக்குக் காய்ச்சல் எண்டு எழுதியிருந்தாய், இப்ப மாறீட்டுதோ? இஞ்ச கார்த்திகை மழை விட்டபாடில்லை, நேத்துப் பின்னேரம் தொடங்கினது இன்னும் கொட்டுது, எங்கட ஒழுங்கையில முழங்காலளவுக்கு வெள்ளம், மோட்டச்சைக்கிளைத் திருநெல்வேலிச் சந்தியில ஒரு கடைக்காரரிட்ட விட்டிட்டு நடந்துதான் வீட்டை வந்தனான். அம்மா கூழ் காய்ச்சினவ. ஒடியல் மா கரைக்கிற நேரமெல்லாம் உன்ர கதைதான், நீ ரெண்டு பிளா குடிச்சிட்டு மூண்டாவதுக்கு நீட்டுறதை இப்பவும் சொல்லுவா.

சரி, உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும், ரெண்டு கிழமையா மனசுக்குள்ளயே கிடக்கு. போனில சொன்னால் பிள்ளையள் கூப்பிடுதுகள் எண்டு அரைவாசியில வைச்சிடுவாய், அதால எழுதுறன். நாங்கள் ரெண்டு பேரும் 2018 இல வடமராட்சி இரும்புக்கடை ஐயாவுக்குச் செய்து குடுத்த பில்லிங் சிஸ்டம் ஞாபகம் இருக்குத்தானே, அது இண்டைக்கும் ஓடுது, இப்ப மூண்டு கடை. இரவு ஒண்டரைக்கு டேட்டாபேஸை எடுத்துச் சுருக்கி வைக்கிற அந்தப் பக்அப் ஸ்கிரிப்டும் நாங்கள் எழுதின மாதிரியே கிடந்தது. போன மாசம் சேவரை மாத்த வெளிக்கிட்டன், பழசில ஓடினது உபுண்டு எண்ட ஓஎஸ்ஸின்ர 18.04, அதுக்கு வழமையான அப்டேட் வாறது 2023 ஓட நிண்டிட்டுது, இனியும் இழுக்கக்கூடாது எண்டுதான்.

முதல் வேலையா பக்அப் ஃபோல்டருக்குள்ள போய் ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் அடிச்சன். 14 ஃபைல், நாள் தவறாமல், பேரும் திகதியும் வடிவா இருக்கு. அப்பிடியே கொப்பி பண்ணிக்கொண்டு போயிருப்பன், ஏதோ சைஸ் பக்கம் கண் போச்சு. மேல இருந்த மூண்டு ஃபைலும் 38 எம்பி. மிச்சம் பதினொண்டும் 20. எம்பியும் இல்லை கேபியும் இல்லை மச்சான், 20 பைட். எனக்குக் கை விறைச்சிட்டுது. ஒண்டுமே இல்லாததை, ஃபைல் சுருக்கிற ஜிசிப்புக்குக் குடுத்தால் வாறது சரியா 20 பைட்: தலைப்பு 10, வெறும் உள்ளடக்கத்துக்கு 2, கடைசிச் சரிபார்ப்புக்கு 8. அதாவது பதினொரு இரவு வெறும் காத்தைச் சுருக்கி வைச்சிருக்கு.

காரணம் இதுதான். அதுக்குப் பதினொரு நாளைக்கு முந்தி டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தினனான், ஸ்கிரிப்டுக்குள்ள மாத்த மறந்திட்டன். டேட்டாபேஸை ஃபைலா எடுக்கிற மைஎஸ்கியூஎல்டம்ப், உள்ள போக விடேல்லை எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டுது, ஆனா அது பைப்பால, அதாவது ஒரு கொமாண்டின்ர வெளியீட்டை அடுத்ததுக்குக் குடுக்கிற குழாயால, ஜிசிப்புக்குப் போகுது, கொமாண்டை ஓட்டுற பாஷ் அந்தப் பைப்லைன்ல கடைசியா நிக்கிற கொமாண்டின்ர முடிவைத்தான் முழு வரியின்ர முடிவா எடுக்கும், ஜிசிப்புக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, வந்ததைச் சுருக்கிக் குடுத்திட்டுது, அதால வெளிய வாறது பூச்சியம், பூச்சியமெண்டால் வெற்றி, அடுத்த வரி "பக்அப் ஓகே" எண்டு எழுதுது. பிழைச் செய்தி வராமலும் இல்லை. ஸ்கிரிப்டை நேரத்துக்கு ஓட்டுற கிரொன் ஒவ்வொரு நாளும் மெயில் போட்டிருக்கு, அது சேவருக்குள்ளயே ரூட் எண்ட நிர்வாகியின்ர பெட்டியில விழுந்து கிடந்தது, ஆர் அதைத் திறந்து பாக்கிறது. அதைவிடக் கொடுமை கடைசி வரி, 14 நாளுக்கு மேல பழசானதை அழிக்கிற ஃபைண்ட் கொமாண்ட். அது மட்டும் ஒரு நாளும் பிழைக்கேல்லை. இன்னும் மூண்டு நாலு நாள் விட்டிருந்தால் நல்ல பக்அப் ஒண்டுகூட மிஞ்சியிராது, வெள்ளத்துக்க கரண்ட் போய்ப்போய் வாற இந்த நேரத்தில டிஸ்க் போயிருந்தால் ஐயாவின்ர ஏழு வருசக் கணக்கும் போயிருக்கும். அந்த மனிசன் கடன் கொப்பியை எல்லாம் எங்களை நம்பித்தானே எரிச்சவர்.

உன்னில பிழை சொல்ல எழுதேல்லை. நீ எழுத நான் பக்கத்தில இருந்து பாத்தனான், எனக்கும் அண்டைக்கு விளங்கேல்லை. இப்ப ஸ்கிரிப்டின்ர தலைப்பில, பிழை வந்தால் நிப்பாட்டுற செற் ஈயும் யூவும் பைப்ஃபெயிலும் போட்டிருக்கு, பைப்புக்க எது விழுந்தாலும் முழுதும் விழும். ஃபைலைச் சோதிக்க ஜிசிப் ஹைபன் டீ போதும் எண்டு நினைச்சன், ஓட்டிப் பாத்தால் அந்த 20 பைட் ஃபைலையும் அது நல்ல ஃபைல் எண்டுதான் சொல்லுது, சொல்லத்தானே வேணும், ஜிசிப் எண்ட அளவில அது ஒழுங்கான ஃபைல்தான். ஒழுங்கா முடிஞ்ச டம்பின்ர கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்" எண்டு திகதியோட எழுதும், அதால இப்ப விரிச்சு அந்த வரி இருக்கோ எண்டு பாக்குது, இருந்தால் மட்டும்தான் பழசை அழிக்கப் போகும், இல்லாட்டி என்ர போனுக்கு மெசேஜ் வரும். ஞாயிற்றுக்கிழமையில ஒரு வெறும் டேட்டாபேஸுக்குள்ள ஏத்தி பில் எத்தினை எண்டு எண்ணியும் பாக்கிறன். ஏத்திப் பாக்காத பக்அப்பை இனி நான் பக்அப் எண்டே சொல்லமாட்டன்.

பிறகு புதுச் சேவர், உபுண்டு 24.04. அங்க பில்ட், அதாவது கோட்டை ஓடக்கூடியதாக் கட்டுற வேலை, ஓடேல்லை. இருநூறு வரிக்குக் கிட்டச் சிவப்பா கொட்டிச்சு, எங்களோட இப்ப வேலை செய்யிற பொடியன் கடைசி வரியைக் கொப்பி பண்ணித் தேடிக்கொண்டு இருந்தான், நான் மேல போய் முதல் பிழையைத் தேடு தம்பி எண்டன், ஏனெண்டால் கடைசி வரி, பக்கேஜை இறக்கி ஏத்துற என்பிஎம் சொல்லுற பொதுப்புலம்பல், என்ன நடந்தது எண்டது மேலதான் கிடக்கும். மேல போனால் டிஸ்ட்யூட்டில்ஸ் எண்ட மொடியூல் இல்லையாம். பைதன் 3.12 இல அதைத் தூக்கிப்போட்டாங்கள், 24.04 ஓட வாறது 3.12, எங்கட நோட்-சாஸ் இன்ஸ்டோல் ஆகேக்க சி பிளஸ் பிளஸ் கொம்பைல் பண்ணப் பழைய நோட்-ஜிப்பைக் கூப்பிடும், அது பைதனைக் கூப்பிடும், பைதன் அந்த மொடியூலைத் தேடும். ஸ்டைல் ஷீட் செய்யிற ஒரு பக்கேஜ் விழுந்ததுக்குக் காரணம் பைதனுக்குள்ள கிடக்குது பார். பழைய பைதனை ஏத்தி மூடிவிடலாம், நான் செய்யேல்லை, நோட்-சாஸைக் கைவிட்டுக் கன காலம், அதை எடுத்துப்போட்டு சாஸ் எண்ட பக்கேஜுக்கு மாத்தினன், அதுக்குக் கொம்பைலும் தேவையில்லை, ஒரு பின்னேர வேலைதான்.

ஆனா அதோட முடியேல்லை. பொடியன்ர லப்டொப்பில பில்ட் நல்லா வருது, சேவரில திகதி தெரிவு செய்யிற பெட்டி உடைஞ்சு நிக்குது. கோட் ரெண்டிலயும் ஒண்டுதான். பாத்தால் எந்தப் பக்கேஜ் எந்த வேர்ஷன் எண்டு பதிஞ்சு வைக்கிற பக்கேஜ் லொக் ஃபைலை, கோட் வரலாற்றைக் காக்கிற கிட்டில சேர்க்கவேண்டாம் எண்டு கிட் இக்னோரில போட்டிருக்கிறம், நானோ நீயோ தெரியேல்லை, அந்த நேரம் மேர்ஜ் பண்ணேக்க தொல்லையா இருக்கெண்டு போட்டிருப்பம். அது இல்லாட்டி வேர்ஷனுக்கு முன்னால கூரைக்குறி போட்டதெல்லாம் இன்ஸ்டோல் பண்ணுற நாளில ஒத்துவாறதுக்குள்ள எது புதுசோ அதை எடுக்கும், அவன் வைகாசியில எடுத்தது ஒண்டு, சேவர் கார்த்திகையில எடுத்தது வேற. லொக் ஃபைலை கிட்டுக்குள்ள போட்டாச்சு, சேவரில என்பிஎம் இன்ஸ்டோல் எண்டு அடிக்கிறதையும் விட்டாச்சு, என்பிஎம் சிஐ மட்டும்தான், லொக் ஃபைலும் பக்கேஜ் ஃபைலும் ஒத்துவராட்டி அது நிண்டிடும், தானா ஒண்டையும் மாத்தாது. 2016 இல லெஃப்ட்-பேட் எண்ட 11 வரிப் பக்கேஜை எழுதினவர் இழுத்தெடுக்க உலகம் முழுக்க பில்ட் விழுந்ததை நாங்கள் ரீக்கடையில இருந்து கதைச்சது ஞாபகம் இருக்கோ, அப்பவே வெளியால வாற பக்கேஜில எவ்வளவு கவனம் வேணும் எண்டு எங்களுக்கு விளங்கியிருக்கவேணும்.

பொடியனைப் பற்றியும் சொல்லவேணும், நல்ல பொடியன், கம்பஸ் முடிச்சு ஆறு மாசம். விண்டோஸில வைச்சு ஸ்கிரிப்டைத் திருத்தி ஏத்தினான், ஓட்டினால் அப்பிடி ஒரு ஃபைலே இல்லை எண்டுது. கண்ணுக்கு முன்னால ஃபைல் இருக்கு. அரை நாள் ஃபோல்டர் பேரையும் பெர்மிஷனையும் மாத்திமாத்திப் பாத்திருக்கிறான். கேட் ஹைபன் ஏ அடிச்சுக் காட்டினன், ஒவ்வொரு வரி முடிவிலயும் கூரைக்குறியும் எம்மும், விண்டோஸ் வரி முடிவு. இல்லாதது ஸ்கிரிப்ட் இல்லை, முதல் வரியில சொன்ன பாஷ், அதின்ர பேரோட அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் ஒட்டிக்கொண்டபடியால் அப்பிடி ஒரு புரோகிராம் எங்கையும் இல்லை. கிட் அட்ரிபியூட்ஸில ஸ்கிரிப்டுக்கெல்லாம் லினக்ஸ் வரி முடிவான எல்எஃப் எண்டு ஒரு வரி போட்டம், இனி வராது.

அடுத்த நாள் மேக்ஃபைல், மேக் எண்ட பில்ட் கருவிக்குக் குடுக்கிற ஃபைல், அதில கொமாண்ட் வரி டப்பிலதான் தொடங்கவேணும். சாட்டில வந்ததை அப்பிடியே ஒட்டினான், டப் எல்லாம் ஸ்பேஸா மாறி "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" எண்டு நிண்டுது. அவனுக்கு ஒரு கதை சொன்னன், உனக்கும் பிடிக்கும். மேக்கை 1976 இல பெல் லாப்பில எழுதினவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், டப் வைச்சது சரியில்லை எண்டு கொஞ்ச நாளிலயே தெரிஞ்சிருக்கு, ஆனா அதுக்கிடையில ஒரு பன்னிரண்டு பேர் வரையில பாவிக்கத் தொடங்கீட்டினம், கனபேர் சிநேகிதர், அவையின்ர ஃபைல் உடைஞ்சிடும் எண்டு மாத்தாமல் விட்டவராம். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாங்கள் இண்டைக்கும் டப் அடிக்கிறம்.

நீ போன கடிதத்தில எழுதினது, உங்கட ஒஃபிஸில பில்ட் இடைக்கிடை விழுகுதெண்டு மூண்டு தரம் ரீட்ரை போட்டிருக்கினம், இப்ப எல்லாம் பச்சை எண்டு. மச்சான், நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டன். நெட்வேர்க்கால பக்கேஜ் இறங்கேல்லை எண்டால் அந்த ஒரு படிக்கு ரீட்ரை போடு, சரி. முழு பில்டுக்கும் போட்டால் மூண்டில ரெண்டு தரம் விழுற சோதனையும் பச்சை, ஏன் விழுகுது எண்டு பிறகு ஒருத்தரும் பாக்கமாட்டினம். 2024 இல எக்ஸ்சட் எண்ட ஃபைல் சுருக்கிற கருவிக்குள்ள ஆரோ கள்ளக்கோட் வைச்சதை அண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எண்ட புரோகிராமர் பிடிச்சது எப்பிடி? தூரத்துச் சேவருக்குள்ள எஸ்எஸ்எச்சால உள்ள போக அரை செக்கன் கூடுதலா எடுக்குதே எண்டு அவர் விடாமல் துலாவினதாலதான். அந்தக் கோட்டை இயக்கிற பில்ட் ஸ்கிரிப்ட் கிட்டிலயே இல்லை, வெளியிட்ட டார் ஃபைலுக்குள்ள மட்டும்தான் இருந்தது. பில்ட் ஸ்கிரிப்டை ஆக்கள் வாசிக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சுதான் அங்க வைச்சிருப்பாங்கள். உன்ர ரீமுக்கு இதைச் சொல்லு, நீ சொன்னால் கேப்பினம்.

புரோகிராமைப் பெட்டி மாதிரிக் கட்டி ஓட்டுற டொக்கருக்குப் போகச் சொல்லியும் எழுதினாய், தை பிறக்கப் பாப்பம், ஐயாவும் ஓம் எண்டிட்டார்.

இப்ப ஒரு உதவி. புதுக் கோட்டைச் சேவரில ஏத்துற எங்கட டெப்ளோய் ஸ்கிரிப்டை வரிவரியா வாசிச்சுக்கொண்டு வாறன், ரெண்டு இடத்தில நிக்கிறன். ஒண்டு, சேர்விஸை நிப்பாட்டின பிறகு ஸ்லீப் 7, அதாவது 7 செக்கன் பொறு எண்டு இருக்கு. ஏன் 7? ஏதோ கண்டுதான் போட்டிருப்பாய். மற்றது, பிரிண்டர் ஃபோல்டரைக் கொப்பி பண்ணுற வரியின்ர முடிவில, விழுந்தாலும் பரவாயில்லை எண்டு ரெண்டு நெடுங்கோடு போட்டு ட்ரூ எண்டு எழுதியிருக்கு. கிட் ஹிஸ்டரியில உன்ர பேரும் "ஃபிக்ஸ்" எண்ட ஒரு சொல்லும்தான் இருக்கு, இரவு 11:40, அண்டைக்கு நாங்கள் ஐயாவின்ர கடையிலயே படுத்த நாளாயிருக்கவேணும். அதை எடுத்தால் பில்ட் உடன விழுகுது, எடுக்காட்டி அங்க என்ன விழுகுதெண்டு எனக்குத் தெரியாமலே போகும். உன்ர கடிதம் வருமட்டும் ரெண்டு வரியையும் தொடேல்லை, ஞாபகம் வந்தால் ராவோ பகலோ உடன எழுது.

அன்போட,
உன்ர மச்சான்